தந்தியும் காந்தமும்

சங்கீத வாத்தியங்களின் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் அவற்றை வாசித்தவர்களின் வரலாறே. வீணை என்றதும் வித்துவான்களின் பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. பலா மரத்தைக் குடைந்து குடம் செய்த தஞ்சாவூர்க் கைவினைஞரின் பெயரும், மெழுகு காய்ச்சி இருபத்து நான்கு மெட்டுக்களையும் சுருதி பிசகாமல் பதித்தவரின் பெயரும் நினைவுக்கு வருவதில்லை. நாகசுரத்தை உலகறியச் செய்தவர்களை நாம் போற்றுகிறோம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து அதற்கு உருக் கொடுத்தவர்களை எத்தனை பேர் அறிவர்? வாத்தியத்தைச் செய்தவன் மறக்கப்படுவது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. இசையுலகில் எங்கும் உள்ள வழக்கம் அது.

இக்கட்டுரை ஸ்டீல் கித்தார் என்னும் வாத்தியத்தைப் பற்றியது. அதிலும், அதன் குரலை உண்டாக்கும் ஒரு சிறிய உறுப்பைப் பற்றியது. அந்த உறுப்புக்குப் 'பிக்கப்' என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவினது. ஒரு காந்தம், அதைச் சுற்றிலும் தலைமயிரைப் போல மெல்லிய செம்புக் கம்பியாலான சுருள், அதன்மேல் பளபளக்கும் ஓர் உலோக மூடி: இவ்வளவுதான் அதன் உடைமை. ஆயினும், பம்பாய்த் திரைப்படப் பாடல்களில் மனிதக் குரலைப் போலவே குழைந்தும் இழைந்தும் ஒலித்த அந்தக் கித்தாரின் நாதம் இந்தச் சிறு பெட்டிக்குள்ளிருந்துதான் புறப்பட்டது. அதனை முதன்முதலில் உருவாக்கியது பெரிய ஆராய்ச்சிக் கூடமன்று. சிலருடைய கைத்திறனும் பொறுமையுமே. அந்தக் கைகளின் வரலாறு கல்யாணிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களுக்குப் பல வகையிலும் நெருக்கமானது என்பதை இனிக் காண்போம்.

ஸ்டீல் கித்தார் என்ற பெயரைக் கேட்டதும், அதன் தந்திகள் எஃகாலானவை என்பதால் அப்பெயர் வந்தது என்றே பலரும் எண்ணுவர். அது சரியன்று. வாசிப்பவர் இடக்கையில் பிடித்துத் தந்திகளின் மேல் நகர்த்தும் எஃகுத் துண்டினாலேயே அப்பெயர் வந்தது. விரலால் தந்தியை மெட்டின்மீது அழுத்தாமல், ஒரு கட்டையையோ உலோகத்தையோ தந்தியின்மேல் வழுக்கிச் செல்வதால் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொரு ஸ்வரத்திற்கு இடையறாமல் செல்ல முடிகிறது. கமகத்தை உயிராகக் கொண்ட நம் சங்கீதத்திற்கு இம்முறை புதிதன்று. மெட்டுக்களே இல்லாத கோட்டுவாத்தியம் தமிழ்நாட்டில் வழங்கி வந்துள்ளது. இன்று சித்திர வீணை என்றும் அதனை அழைக்கிறார்கள். திருவிடைமருதூர் சகாராம ராவ் அதனைக் கச்சேரி மேடைக்குரிய வாத்தியமாக உயர்த்தினார். அவருடைய சீடரான நாராயண ஐயங்கார் (1903–1959) அதன் புகழைப் பரப்பினார். கோட்டுவாத்தியத்திலிருந்து ஸ்டீல் கித்தார் பிறந்தது என்று நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. ஒரே எண்ணம் உலகின் இரண்டு மூலைகளில் தனித்தனியே முளைத்தது என்று கொள்வதே பொருத்தம்.

அந்த இரண்டாவது மூலை பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாயித் தீவுகள். அங்கே ஒவாஹு தீவில் 1874-ல் பிறந்த ஜோசப் கெகுகு என்ற சிறுவன், இரயில் பாதையோரமாக நடந்து சென்றபோது கீழே கிடந்த ஓர் இரும்பு மரையாணியை எடுத்துத் தன் கித்தாரின் தந்திகளின்மேல் வழுக்கிப் பார்த்தான் என்று ஒரு கதை வழங்குகிறது. பின்னர் கத்தியின் முதுகையும், அதன் பின் எஃகுத் துண்டையும் பயன்படுத்தி அவன் அம்முறையைச் செம்மை செய்தான். இதே காலத்தில், இந்தியாவில் பிறந்து கப்பலேறி ஹோனோலூலு போய்ச் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவரும் இவ்வாறு வாசித்தார் என்று ஒரு பழைய செய்தி உண்டு. முதலில் செய்தவர் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால், அம்முறையை ஒரு கலையாக வளர்த்து ஊர் ஊராகக் கொண்டு சென்ற பெருமை கெகுகுவையே சாரும். 1904-ல் தம் தீவை விட்டுப் புறப்பட்ட அவர், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்தும் கற்பித்தும் வாழ்ந்து, 1932-ல் தாய்நாட்டிற்குத் திரும்பாமலே காலமானார். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஹவாயி இசைக் குழுவினர் வாசித்த பின்னர், இந்த இசையின்மேல் அமெரிக்க மக்களுக்கு அடங்காத மோகம் ஏற்பட்டது.

மோகம் வளர்ந்ததும் ஒரு சங்கடமும் கூடவே வளர்ந்தது. கித்தாரின் ஒலி மென்மையானது. சிறிய கூடத்தில் அது இனிமையாகக் கேட்கும். எக்காளங்களும் முரசுகளும் முழங்கும் நடன மண்டபத்தில் அது கேட்கவே கேட்காது. இந்தக் குறை நமக்கும் தெரிந்ததே. ஒரு வீட்டுக் கூடத்தில் ஐம்பது ரசிகர்களுக்கு வாசிப்பதற்காக அமைந்த வீணையையும் கோட்டுவாத்தியத்தையும், 1963-ல் மாதுங்காவை அடுத்துத் திறக்கப்பட்ட ஷண்முகானந்த அரங்கைப் போன்ற பெரிய மண்டபத்தில் வைத்தால், கடைசி வரிசையிலிருப்பவர் வித்துவானின் விரலைக் காணலாமேயன்றி நாதத்தைக் கேட்க இயலாது. ஒலிபெருக்கி வந்த பின்பே அந்தக் குறை தீர்ந்தது.

அமெரிக்காவில் இந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்களில் மூவர் முக்கியமானவர்கள். முதலாமவர் ஜார்ஜ் பீச்சம். டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மேடைகளில் ஸ்டீல் கித்தார் வாசித்துப் பிழைத்தவர். இரண்டாமவர் ஜான் டோப்யேரா. ஸ்லோவாக்கிய நாட்டிலிருந்து இளமையில் குடியேறிய வாத்தியத் தச்சர். மூன்றாமவர் அடால்ப் ரிக்கன்பாக்கர். சுவிட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் பிறந்து அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சல்ஸில் உலோகத் தகடுகளை அழுத்தி உருவாக்கும் பட்டறை வைத்திருந்தவர். பீச்சம் கேட்டார், டோப்யேரா செய்தார். 1920-களின் பிற்பகுதியில், மூன்று மெல்லிய அலுமினியக் கூம்புகளைத் தன்னுள் கொண்ட உலோகக் கித்தார் ஒன்று பிறந்தது. தந்தியின் அதிர்வைக் கூம்புகள் வாங்கி உரக்க ஒலித்தன. அதன் உடல், நம் வீடுகளில் பாத்திரமாகப் புழங்கிய ஜெர்மன் சில்வர் என்னும் கலப்பு உலோகத்தால் ஆனது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த அவ்வுலோகத்தில், பெயரைத் தவிர வெள்ளியே கிடையாது. இந்த உலோகத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பிற்பகுதியில் அது மறுபடியும் வருகிறது.

கூம்புக் கித்தாரின் ஒலியும் போதவில்லை. கூட்டாளிகளுக்குள் பிணக்கும் மூண்டது. பீச்சம் வெளியேறி, மின்சாரத்தின் துணையை நாடினார்.

அவர் கையாண்ட விதி புதிதன்று. 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்த விதி அது. செம்புச் சுருளின் அருகே காந்த மண்டலம் மாறினால் சுருளில் மின்சாரம் தோன்றும். கல்யாணில் வாழ்பவர்க்கு இவ்விதியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய ஊர் அதன் மேலேதான் வளர்ந்தது. 1854 மே 1 அன்று தாணாவிலிருந்து கல்யாணுக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. பம்பாயின் முதல் மின்சார இரயில் 1925 பிப்ரவரி 3 அன்று குர்லா வரையில் ஓடியது. 1929-ல் கல்யாணிலிருந்து புனா வரையில் மின்சாரப் பாதை அமைந்தது. மலைத்தொடரில் வண்டிகளை ஏற்றிச் செல்வதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கல்யாணை அடுத்த சோளாவில் இரயில்வேயே அமைத்த மின் நிலையம் உற்பத்தி செய்தது. அந்த நிலையம் இன்று இயங்கவில்லை; ஆயினும் அதன் பெயர் பழைய குடியிருப்பினர் நினைவில் இருக்கிறது. அங்கே சுழன்ற இயந்திரங்களிலும், மலையேறிய எஞ்சின்களின் மோட்டார்களிலும் இருந்தவை காந்தமும் செம்புச் சுருளுமே. ஆயிரக்கணக்கானோரைச் சுமந்து மலையேறிய அதே விதிதான், ஒரு தந்தியின் மெல்லிய நடுக்கத்தையும் நாதமாக மாற்றுகிறது. அளவில்தான் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை.

பிக்கப்பில் அது நிகழும் விதம் இது. காந்தத்தின் அருகே எஃகுத் தந்தி இருக்கிறது. காந்தத்தின் சக்தியால் தந்தியும் சிறிது காந்தமாகிறது. தந்தியை மீட்டியதும் அது முன்னும் பின்னும் அசைகிறது. அசைவுக்கேற்ப காந்த மண்டலம் கூடிக் குறைகிறது. அந்தக் கூடுதல் குறைவுக்கேற்பச் சுருளில் நுண்ணிய மின்சாரம் எழுகிறது. ஒலிபெருக்கி அதனைப் பல மடங்கு பெருக்கிக் காதுக்கு அளிக்கிறது. ஆகவே, தந்தி காந்தத்திற்கு வசப்படும் உலோகமாக இருத்தல் வேண்டும். வெறும் பித்தளைத் தந்தியையோ நரம்புத் தந்தியையோ இந்தக் காந்தம் உணராது. எஃகுத் தந்தியோடு பிறந்த ஸ்டீல் கித்தார் இதற்கு முற்றிலும் இசைந்த வாத்தியமாயிற்று.

விதி தெரிந்தால் போதுமா? அதைச் செய்துகாட்டும் கை வேண்டும். பீச்சம் இரவுப் பள்ளியில் மின்சாரப் பாடம் கற்றார். வீட்டிலே, ஒரு மரச்சட்டத்தில் ஒற்றைத் தந்தியைக் கட்டி, அதனருகே காந்தத்தையும் சுருளையும் பலவாறு மாற்றி வைத்துப் பரிசோதித்தார். சுருள் சுற்றுவதற்கு வீட்டுச் சலவை இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றிப் பயன்படுத்தினார் என்றும், பின்னர் தையல் இயந்திரத்தின் மோட்டார் உதவிற்று என்றும் சொல்கிறார்கள். அவருக்குத் துணை நின்றவர் பால் பார்த் என்ற தோழர். இறுதியில், குதிரை லாடம் போன்ற இரண்டு காந்தங்கள் தந்திகளுக்கு மேலே வளைந்து நிற்க, சுருள் அவற்றின் கீழே அமர, ஆறு தந்திகளுக்கும் ஆறு இரும்பு முளைகள் எதிர்நிற்கும் வடிவம் அமைந்தது. 1931-ல் ஹாரி வாட்ஸன் என்ற கைவினைஞர் சாதாரணக் கைக்கருவிகளைக் கொண்டே ஒரே மரத்தில் கழுத்தும் உடலுமாகச் செதுக்கிக் கொடுத்தார். உடல் வட்டமாகவும் கழுத்து நீண்டும் இருந்ததால், பார்த்தவர்கள் அதைத் தோசை வார்க்கும் கைப்பிடிச் சட்டிக்கு ஒப்பிட்டனர். 'வறுவல் சட்டி' என்ற கேலிப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1932-ல் ரிக்கன்பாக்கரின் முயற்சியால் அது வார்ப்பு அலுமினியத்தில் விற்பனைக்கு வந்தது. விலைக்குச் செய்து விற்கப்பட்ட மின்கித்தார்களின் வரிசையில் முதலிடம் பெறுவது இதுவே.

இனி அந்தக் கைகளுக்குக் கிடைத்த பலனைப் பார்ப்போம். பீச்சம் 1934-ல் அளித்த காப்புரிமை விண்ணப்பத்தின்மேல் அதிகாரிகள் ஐயம் கொண்டனர். இது மின்சாரச் சாதனமா, சங்கீத வாத்தியமா? உண்மையில் இது ஒலிக்குமா? இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகக் கித்தார் கலைஞர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி, அதிகாரிகள் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. 1937 ஆகஸ்ட் 10 அன்று காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதற்குள் மற்ற நிறுவனங்கள் பலவும் மின்கித்தார்களைச் செய்து விற்கத் தொடங்கிவிட்டன. பட்டயம் கையில் இருந்தது. சந்தை கையை விட்டுப் போயிருந்தது. பீச்சம் கித்தார்த் தொழிலை விட்டு விலகி, 1941-ல் காலமானார். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான மின்கித்தார்கள் ஒலிக்கின்றன. அவற்றை வாசிப்போரில் அவர் பெயரை அறிந்தோர் சிலரே.

வார்ப்பு அலுமினியத்தில் ஒரு குறை தென்பட்டது. மேடை விளக்குகளின் வெப்பத்தில் அலுமினியம் விரிந்தது. தந்திகளின் இழுப்பு மாறிச் சுருதி கலைந்தது. ஆகையால் 1935-ல் பேக்கலைட் என்னும் கருமையான செயற்கைப் பொருளில் வேறொரு கித்தார் செய்தனர். அது கனமாக இருந்தபடியால் உடலினுள்ளே சில குழிகளை விட்டு, அவற்றின்மேல் குரோமியம் முலாம் பூசிய தகடுகளை மூடினர். கறுப்பு உடலில் வெள்ளி போல் மின்னிய அந்தத் தகடுகள் அழகுக்காக வைத்தவை போலத் தோன்றும். உண்மையில் எடையைக் குறைக்கச் செய்த ஏற்பாட்டை மறைக்க வந்த மூடிகள் அவை. ஸ்டீல் கித்தாரில் உலோக மூடி என்பது இவ்வாறு ஒரு தேவையிலிருந்து தொடங்கிற்று.

பிக்கப்பின் மேலுள்ள மூடியோ இன்னும் நுட்பமான விஷயம். அதற்கு மூன்று பணிகள் உண்டு. முதலாவது, மயிரிழை போன்ற கம்பியை விரலும் வியர்வையும் ஈரக்காற்றும் தாக்காமல் காப்பது. பம்பாயின் மழைக்காலத்தையும் கடற்காற்றையும் அறிந்தவர்களுக்கு இப்பணியின் அருமை விளங்கும். இரண்டாவது, வாசிப்பவர் கையை ஊன்றிக்கொள்ள இடமளிப்பது. மூன்றாவது, சுற்றிலுமுள்ள மின்சாரச் சாதனங்களின் இரைச்சல் சுருளுக்குள் புகாமல் தடுப்பது. மூடியைத் தரையிணைப்போடு சேர்த்துவிட்டால் அது ஒரு கவசமாகி, இரைச்சலின் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகிறது.

ஆனால் கவசமே சில வேளை குரலை அமுக்கிவிடும். சுருளின் அருகே உள்ள உலோகத் தகட்டிலும், மாறும் காந்த மண்டலத்தினால் சிறு சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை எதிராக வேலை செய்து, நாதத்தின் உச்ச அலைகளை விழுங்கிவிடுகின்றன. மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறதோ அவ்வளவுக்கு அந்த உலோகம் தீங்கு செய்யும். செம்பும் அலுமினியமும் மிக எளிதாகக் கடத்துபவை. பித்தளையும் அடுத்தபடியாகத் தொல்லை தரும். இரும்பை வைத்தாலோ, அது காந்த சக்தியையே தன்பால் இழுத்துத் தந்தியைப் பட்டினி போட்டுவிடும். துருவேறா எஃகுக்கு இந்தக் குறைகள் குறைவெனினும், பற்றவைப்பது கடினம்.

இச்சிக்கலுக்கு விடை கண்டவர்களில் புகழ்பெற்றவர் ஸேத் லவர். அமெரிக்காவின் கலமாஸு நகரிலிருந்த கிப்ஸன் நிறுவனத்தில் அவர் பணிபுரிந்தார். மின்விளக்குகளும் மின்மாற்றிகளும் எழுப்பும் ஓயாத உறுமலை ஒழிக்க, ஒரு சுருளுக்குப் பதிலாக எதிரெதிராகச் சுற்றப்பட்ட இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காந்தங்களின் முனைகளும் மாறியிருப்பதால் தந்தியின் ஒலி மட்டும் இரண்டிலும் ஒன்றாகச் சேரும். 1955-ல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959-ல் அது கிடைத்தது. அந்தப் பிக்கப்புக்கு மூடி தேடியபோது அவர் தேர்ந்தது ஜெர்மன் சில்வர்! அது செம்பைப் போல மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை, காந்தத்தைத் தன்பால் இழுப்பதில்லை, பற்றவைக்க எளிது, முலாமும் நன்றாகப் பிடிக்கும். நம் அடுக்களை உலோகம் ஒரு வாத்தியத்தின் குரலைக் காக்கும் கவசமாயிற்று. மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. இந்தப் புதிய பிக்கப் 1956-ல் முதலில் ஸ்டீல் கித்தார்களில்தான் பொருத்தப்பட்டது. அதன் பின்னரே மற்ற மின்கித்தார்களுக்குச் சென்றது.

இப்போது ஒரு பிக்கப்பைக் கையால் செய்வது எப்படி என்று சுருக்கமாகப் பார்க்கலாம். முதலில் காந்தத்தையும் இரும்பு முளைகளையும் தாங்கும் சட்டம் செய்ய வேண்டும். முளைகளின் இடைவெளி தந்திகளின் இடைவெளியோடு பொருந்த வேண்டும். ஆறு தந்திக் கித்தாருக்குச் செய்தது எட்டுத் தந்திக்கு உதவாது. அதனால்தான் தனித்தனி வாத்தியத்திற்கு அளவெடுத்துச் செய்யும் கைவேலை இன்றும் தேவைப்படுகிறது. அடுத்தது சுருள் சுற்றுதல். எனாமல் பூசிய கம்பியின் கனம் பெரும்பாலும் மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. மனிதத் தலைமயிரின் கனமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு சுருளுக்கு ஐயாயிரம் சுற்றுக்களுக்கு மேலும் தேவைப்படும். சட்டத்தை மோட்டார் சுழற்றும். கம்பியை விரல் வழிநடத்தும். சற்றே இறுக்கினால் கம்பி அறும். சற்றே தளர்த்தினால் சுற்றுக்கள் உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும். நாலாயிரம் சுற்றுக்குப் பிறகு அறுந்தாலும், பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

சுற்றி முடித்த சுருளை உருகிய மெழுகில் மூழ்க வைப்பது அடுத்த வேலை. மெழுகு உள்ளே புகுந்து ஒவ்வொரு சுற்றையும் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அவ்வாறு செய்யாவிட்டால், ஒலிபெருக்கியை உயர்த்தியதும் சுருளே அதிர்ந்து ஊளையிடத் தொடங்கிவிடும். மெழுகின் சூடு அளவாக இருக்க வேண்டும். மிஞ்சினால் சட்டம் கோணிவிடும். வீணைக்கு மேளம் கட்டுபவர் மெழுகின் பதத்தை விரலால் அறிவதை இது நமக்கு நினைவூட்டுகிறது. எங்கோ கலிபோர்னியாவில் ஒருவர் மின்சார வாத்தியத்துக்கும், தஞ்சாவூரில் ஒருவர் மின்சாரமே அறியாத வாத்தியத்துக்கும், நாதத்தைக் கட்டிப்போட மெழுகையே நாடினர்.

இறுதியில் மூடி. தகட்டில் அளவு குறித்து வெட்டி, கடின மரத்தாலோ எஃகாலோ ஆன அச்சின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி மடிக்க வேண்டும். மூலைகளில் சுருக்கம் விழாமல் மடிப்பதில்தான் கைத்திறன் தெரியும். பின்பு மூலைகளைப் பற்றவைத்து, அரத்தால் இழைத்து, மெருகேற்றி, நிக்கல் அல்லது குரோமியம் முலாம் பூச வேண்டும். தகடு தடித்தால் குரல் மங்கும். மெலிந்தால் மூடியே அதிரும். கும்பகோணத்திலும் நாச்சியார்கோவிலிலும் உலோகத்தோடு வாழும் கைவினைஞர்களுக்கு இந்த வேலையில் புரியாதது எதுவுமில்லை.

இந்த வாத்தியம் இந்தியாவுக்கு வந்த வழியும் குடிபெயர்ந்தோர் வழியே. ஹவாயியைச் சேர்ந்த டாவ் மோ என்ற கலைஞர் தம் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்று, 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்பித்தார். அந்நகரில் கார்னி நிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் ஹவாயி இசையை வானொலி வழியாகவும் இசைத்தட்டு வழியாகவும் பரப்பினர். பம்பாயில் இதற்குப் புகழ் தேடித் தந்தவர்களில் வான் ஷிப்லி முதன்மையானவர். லக்னோவில் பிறந்து, திரைப்பட இசைக்காகப் பம்பாய் வந்து சேர்ந்த அவர், வயலினிலும் மின்கித்தாரிலும் வல்லவர். தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொண்ட மின்கித்தாரில் திரைப்பாடல்களை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டுக்கள் நாடெங்கும் விற்றன. 2008-ல் அவர் மும்பையில் காலமானார். ஹஸாரா சிங் என்பவரின் கித்தார் இசைத்தட்டுக்களையும் பழைய ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கு நம் வானொலியின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியைக் குறிப்பிடுவது பொருத்தம். 1940 மார்ச் முதல் 1971 வரையில் அகில இந்திய வானொலியில் ஹார்மோனியத்துக்கு இடமில்லாதிருந்தது. ஸ்வரங்களுக்கிடையே குழைந்து செல்ல அதனால் இயலாது என்பது அதன்மேல் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. கடல் கடந்து வந்த மற்றொரு வாத்தியமான ஸ்டீல் கித்தாரின்மேல் அக்குற்றத்தைச் சாட்ட முடியாது. குழைவே அதன் இயல்பு. பிரிஜ் பூஷன் காப்ரா (1937–2018) அலி அக்பர் கானிடம் பயின்று அதில் இராக சங்கீதத்தை வாசித்தார். 1967-ல் சந்தூர், புல்லாங்குழல் வித்துவான்களோடு சேர்ந்து அவர் வாசித்த இசைத்தட்டு உலகப் புகழ் பெற்றது. விஸ்வ மோகன் பட் தம் கித்தாரில் அனுதந்திகளைச் சேர்த்து, மோகன வீணை என்று பெயரிட்டு, 1994-ல் கிராமி பரிசு பெற்றார். இவர்களில் எவரும் கடையில் வாங்கிய கித்தாரை வாங்கியபடியே வாசிக்கவில்லை. தந்தியைக் கூட்டினர், மேருவை உயர்த்தினர், உறுப்புக்களை மாற்றினர். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் ஒரு தச்சரோ கொல்லரோ இருந்தே ஆக வேண்டும்.

சுதந்திரத்திற்குப் பிந்திய பல ஆண்டுகள் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. சுருள் அறுந்துவிட்ட பிக்கப்புக்கு மாற்று வாங்குவது எளிதாக இருக்கவில்லை. மறுபடியும் சுற்றத் தெரிந்த ஒரு கையைத் தேடுவதே வழி. மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் சுருள் கட்டும் சிறு பட்டறைகள் கல்யாண், உல்லாஸ்நகர்ப் பக்கங்களில் நிறைய உண்டு. பழைய அலுமினியத்தை உருக்கிக் கட்டியாக வார்க்கும் தொழில் தாராவியின் அன்றாடக் காட்சி. தகடு மடிப்பவர், முலாம் பூசுபவர், லேத்தில் கடைபவர் என்று எத்தனையோ பேர் இந்நகரில் வாழ்கின்றனர். பீச்சத்தின் வீட்டிலும் ரிக்கன்பாக்கரின் பட்டறையிலும் இருந்த திறமைகளில் இங்கில்லாதது ஒன்றுமில்லை.

ஆனால், இன்று அவசரமாகச் சிந்திக்க வேண்டியதொன்று உண்டு. 1980-களுக்குப் பின்னர் மின்னணு விசைப்பலகை வாத்தியங்கள் பெருகியதும், வீடுகளில் ஹவாயியன் கித்தார் கற்கும் வழக்கம் குறைந்துவிட்டது. அக்காலத்தில் ஆசையோடு வாங்கிய கித்தார்கள் பல, பரண்மேலும் அலமாரிக்குப் பின்னும் கிடக்கின்றன. மரம் கெடவில்லை, தந்தி மாற்றினால் போதும், ஆனால் ஒலிபெருக்கியோடு இணைத்தால் ஊமையாக இருக்கிறது. பெரும்பாலும் குற்றம் எங்கோ அறுந்த ஒரு மயிரிழைக் கம்பியில்தான். அதைக் கண்டறிந்து, பழைய கம்பியைக் களைந்து, காந்தத்தைக் கெடுக்காமல், அதே கனமுள்ள கம்பியை அதே அளவுக்குச் சுற்றி, மெழுகிட்டு மூடினால், ஊமை மறுபடியும் பாடும். பழைய பிக்கப்பை எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தினாலும் ஒலி வரும். ஆயினும் அது அந்த வாத்தியத்தின் பழைய குரலாக இராது. காந்தத்தின் வலிமை, கம்பியின் கனம், சுற்றின் எண்ணிக்கை, மூடியின் உலோகம் ஆகிய நான்கும் சேர்ந்தே குரலைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே, பழுது பார்ப்பவர்கள் சில விவரங்களைக் குறித்து வைத்தல் நலம். எத்தனை சுற்று, எந்தக் கனம், எத்திசையில் சுற்று, மூடி எந்த உலோகம், யாருடைய கைவேலை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாத்தியத்தின் உள்ளே ஒட்டினாலும் போதும். தஞ்சாவூர் வீணைக்கும் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கும் இன்று புவிசார் குறியீடு கிடைத்து, ஊரின் பெயராவது சட்டத்தில் நிலைத்துவிட்டது. பட்டறைச் சந்தில் உட்கார்ந்து சுருள் சுற்றும் மனிதருக்கு அந்த அளவு அடையாளமும் இல்லை. அவர் எழுதி வைக்காமற் போனால், அவரோடு அந்த அறிவும் போய்விடும்.

இந்த வரலாற்றில் வந்தவர்களைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். தீவை விட்டுப் போன கெகுகு, ஸ்லோவாக்கியாவை விட்டு வந்த டோப்யேரா, பாஸலை விட்டு வந்த ரிக்கன்பாக்கர், உலகெங்கும் அலைந்த டாவ் மோ, லக்னோவிலிருந்து பம்பாய் வந்த வான் ஷிப்லி ஆகிய அனைவருமே பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்தவர்கள். கையில் தெரிந்த தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டு, போன இடத்தில் கிடைத்த தகட்டையும் கம்பியையும் கொண்டு புதியதொரு குரலைப் படைத்தார்கள். இரயில்வேயிலும் ஆலைகளிலும் பட்டறைகளிலும் தொழில் செய்து, திருநெல்வேலியையும் தஞ்சாவூரையும் விட்டு இந்நகரில் வேரூன்றிய தமிழர்களுக்கு அவர்களுடைய கதை அந்நியமாகத் தோன்றக் காரணமில்லை. வீட்டுப் பரணில் ஒரு பழைய கித்தார் கிடந்தால், அதை இறக்கித் தூசி தட்டி, சுருள் கட்டத் தெரிந்த ஒருவரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். அவ்வாறே, அவருடைய பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.